கேரியருக்கு ஸ்பிரிங் கிடையாது

பெண் பைக் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று எங்கள் அம்மையார்குப்பத்தில் இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் மொபெட் ஓட்டப் பழகிய நாட்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டரை விட்டுக் கியர் வண்டிக்கு மாறியபோது, முனைவர் பட்டம் பெற்ற சக பேராசிரியர் ஒருவரும் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார். இத்தனை வருடங்களில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்ணைப் பார்த்து ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மடியில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை, கையில் ஒரு பை என்று ஒருபக்கமாகத் தொற்றிக்கொண்டு போகிறவளைப் பார்த்தால், ஓட்டுகிற ஆணிடம் "பாத்துக் கூட்டினு போப்பா" என்பார்கள். அதோடு சரி.

ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே பள்ளம். முன்னால் உட்கார்ந்தால் இறங்குகிற கர்ப்பப்பை பின்னால் உட்கார்ந்தால் மட்டும் எப்படி இறங்காமல் இருக்கும்? இந்தக் கேள்விக்கான பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பாவின் மொபெட்.

அந்த வண்டியில் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. மெக்கானிக்குகள் அதை 'ரிஜிட் பிரேம்' என்பார்கள். பின்சக்கரத்தின் அச்சு, நடுவில் எந்த ஸ்பிரிங்கும் இல்லாமல், நேராகச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் சட்டமும் சேர்ந்து ஏறும். அதிர்ச்சியைத் தாங்க இருப்பவை இரண்டே: டயரில் இருக்கிற காற்று, ஓட்டுகிறவரின் சீட்டுக்கடியில் இருக்கிற இரண்டு சுருள் கம்பிகள். அப்பா அந்தச் சுருள்களின் மேல் உட்கார்ந்திருப்பார். அம்மா உட்கார்ந்தது கேரியரில். அது சாமான் வைப்பதற்காகச் செய்த இரும்புச் சட்டம். அதன் மேல் கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் அம்மா. கேரியருக்கு ஸ்பிரிங் கிடையாது.

சாமான் இடத்தில் மனைவி உட்கார்ந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தபோது 'இந்தியாவின் முதல் இருவர் அமரும் மொபெட்' என்பதுதான் அதன் பெருமை. இரண்டாவது ஆளுக்கென்று ஓர் இருக்கை வேண்டும் என்று ஒரு வண்டியைச் செய்கிறவர்கள் நினைக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரியும்.

கணக்காகவே சொல்கிறேன். பின்சக்கரம் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல்லில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய அதில் பாதிதான் மேலெழுவார். பின்அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர் முழு 5 சென்டிமீட்டரும் தூக்கிப் போடப்படுவார். பாதி அடி வாங்குகிறவருக்கு ஸ்பிரிங் வைத்த சீட்டும், முழு அடி வாங்குகிறவளுக்குக் கோணிப்பையும் கொடுத்திருந்தோம்.

இதற்கும் மேலே ஒன்றிருக்கிறது. ரிஜிட் வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு வித்தை: பள்ளம் வருவதைப் பார்த்ததும் இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, இடுப்பைச் சீட்டிலிருந்து லேசாகத் தூக்கிவிட வேண்டும். முழங்கால்தான் அப்போது ஷாக் அப்சார்பர். எந்தக் கம்பெனி ஸ்பிரிங்கும் அதற்கு ஈடாகாது. ஆனால் அதற்கு மூன்று வேண்டும். முன்னால் ரோடு தெரிய வேண்டும், இரண்டு கால்களும் இரண்டு பக்கமும் ஊன்றியிருக்க வேண்டும், கைக்கு ஒரு பிடி வேண்டும். ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த மூன்றுமே கிடையாது. அவள் பார்ப்பது ஓரத்தில் ஓடுகிற புளியமரங்களை. இரண்டு பாதமும் ஒரே ஃபுட்ரெஸ்ட்டில், அதுவும் இருந்தால். ஒரு கை கணவனின் தோளில், மற்றது குழந்தையின் மேல்.

அம்மா இதை இவ்வளவு நீட்டிச் சொன்னதில்லை. "பள்ளம் வரும்னு தெரியும்டி. எப்ப வரும்னுதான் தெரியாது" என்பாள்.

எங்களுடையது தறி ஊர். லுங்கியும் சேலையும் நெய்து பிழைக்கிற ஊரில் அதிர்வு என்பது புதிதல்ல. விசைத்தறி ஓடும் வீட்டில் தரை அதிரும், தண்ணீர்க் குடத்தில் வட்டம் வட்டமாக அலை எழும், குழந்தைகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கி, தறி நின்றால் விழித்துக்கொள்ளும். நூல் வாங்கவும் நெய்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, எல்லை தாண்டி நகரி, புத்தூர் என்று அப்பா வண்டியில் போவார். துணி மூட்டை சரியாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா. போகிற இடத்தில் அப்பாவுக்கு டீ கிடைக்கும், கணக்குப் பேச்சு இருக்கும். அம்மா மூட்டைக்குக் காவலாக நிழலில் நிற்பாள். மறுபடியும் கேரியர்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் போய்வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். காவடிக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று வண்டியிலேயே போய், மலைப்படி ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் கரு கலைந்துபோனது. கருக்கலைவதற்குப் பல காரணங்கள் உண்டு. வண்டியின் மேல் பழிபோட நான் இதை எழுதவில்லை. என் மனதில் நின்றுபோனது அதற்குப் பிறகு நடந்த விசாரணை. குடம் தூக்கினாளா, பப்பாளி தின்றாளா, ராட்டையில் குனிந்து தார் சுற்றினாளா, வாசலில் கால் வழுக்கினாளா என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது அந்த மொபெட் ஒன்றுதான். அம்மா எல்லாக் கேள்விக்கும் "இல்ல" என்று பதில் சொன்னாள்.

கர்ப்பப்பை இறக்கம் கற்பனை நோயல்ல. அடுத்தடுத்த பிரசவம், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பாரம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல், வயதாகும்போது தளரும் தசைகள் ஆகியவற்றால் அது வருகிறது. நெசவு ஊர்ப் பெண்கள் பலருக்கு இருக்கிறது, வெளியே சொல்லமாட்டார்கள். அதிர்வும் உடலுக்கு நல்லதல்ல. உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக வரும் அதிர்வைத்தான் மிக அதிகமாக உள்வாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் அந்த அதிர்வில் உட்கார்ந்தால் இடுப்பு வலி வரும் என்பது லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்களை வைத்து நிறைய ஆராயப்பட்ட விஷயம். அப்படிப் பார்த்தால் எச்சரிக்கை யாருக்குப் போயிருக்க வேண்டும்? அச்சுக்கு மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு. ஆனால் அது ஹேண்டில்பாரைப் பிடித்தவளுக்கு மட்டும் போகிறது. உடம்பைப் பற்றிய அக்கறை என்றால் இரண்டு இருக்கைக்கும் பொதுவாக இருந்திருக்கும். ஓர் இருக்கைக்கு மட்டும் வருகிற அக்கறையை நான் தடை என்றுதான் படிக்கிறேன்.

பின்சக்கர ஸ்பிரிங் என்பது மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் பிந்தி வந்த வசதி. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படைகள் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 ரிஜிட் வண்டிதான். ஹார்லி-டேவிட்சனின் பெரிய வண்டிகளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வந்தது 1958-ல். 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்ட் புல்லட், அதற்கு முன்பே பின்ஸ்பிரிங்கோடு வந்த வண்டி. அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளில் நெடுந்தூரம் போனவர்கள் ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு, பருத்த டயர், கொஞ்சம் குறைத்த காற்று, இடுப்பில் இறுக்கிய பட்டை ஆகியவற்றை நம்பித்தான் போனார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

1934 டிசம்பர் 11 அன்று தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு பெண்கள் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். 600 சிசி பேந்தர் மோட்டார் சைக்கிள், ஒரு சைட்கார், அதன் பின்னால் ஓர் இழுவண்டி. சஹாராவைக் கடந்து ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பகுதியில் இருக்கும் கேப் டவுனுக்கு 1935 ஜூலை 29-ல் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் எஞ்சின் கெட்டது, மணலில் சக்கரம் புதைந்தது, தோண்டி எடுத்து மறுபடி கிளம்பினார்கள். அந்த வண்டியும் ரிஜிட்தான். வாலக் பிறகு உலகப் போரில் ராணுவத்துக்காக மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனார், மெக்கானிக்காக வேலை பார்த்தார், அமெரிக்காவுக்குப் போய் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். எண்பது வயதைத் தாண்டியும் வண்டி ஓட்டினார். இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அவங்க வெள்ளக்காரிங்க. அவங்க உடம்பே வேற" என்றார்.

அதனால் நம்மூர்ப் பெண்களுக்கே வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். சைக்கிளுக்கு எந்தச் சக்கரத்திலும் ஸ்பிரிங் கிடையாது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள், பிறகு அதையே விரும்பினார்களாம். காரணம், முன்னால் இருக்கிற குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். 'பெண்களுக்கு வசதியானது' என்று யாரோ தீர்மானித்துச் செய்த வண்டி ஒன்று, பெண்கள் தாங்களே கண்டுபிடித்த வசதி வேறொன்று. வெயிலில், கல்ரோட்டில், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு மிதித்தவர்களிடம் வலிக்கவில்லையா என்று கேட்டிருந்தால் வலிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த வலியை எங்கே நிறுத்துவது, எப்போது இறங்கி நடப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது.

நம் சட்டத்துக்கும் பின்சீட்டுப் பெண் தெரிந்தவள்தான். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி அவளை நினைத்து எழுதப்பட்டதைப் போல இருக்கும். பின்னால் ஆள் உட்கார வசதியுள்ள மோட்டார் சைக்கிளில் நிலையான கைப்பிடி வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கிற தடுப்பு வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பைக் கடைக்காரர்கள் 'சாரி கார்டு' என்பார்கள். எத்தனையோ பெண்களின் உயிரைக் காத்த விதி அது. நான் குறை சொல்லவில்லை. புது வண்டி வாங்கியதும் அழகைக் கெடுக்கிறது என்று பையன்கள் முதலில் கழற்றிப்போடுவதும் அந்தத் தடுப்பைத்தான்.

நான் தமிழ் கற்பிக்கிறவள். முல்லைத்திணைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த வண்டி நினைவு குறுக்கே வரும். வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனை விரைந்து ஓட்டச் சொல்வான். அகநானூற்றின் நான்காம் பாடலில், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் ஒருவன். தன் வண்டியின் ஆரவாரம் இன்னொரு உயிரை என்ன செய்யும் என்று யோசித்த ஓட்டம் அது. எனக்கு மிகப் பிடித்த தலைவன் அவன். ஆனாலும் அந்தப் பாடல்களில் பெண் வழியில் இல்லை, வீட்டில் காத்திருக்கிறாள். எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டுக்கு வந்து பாடிய காரைக்கால் அம்மையார் தனியே நெடுந்தூரம் போனவர். அதற்கு முன் அவர் தன் இளமையையும் தசையையும் உதறிப் பேயுருவம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்கிறது பெரியபுராணம். பெண்ணாகவே, வலிக்கிற உடம்போடேயே, வழியில் இருப்பது எப்படி என்பதற்கு நம் இலக்கியத்தில் முன்மாதிரி குறைவு. அதை ரோட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது.

அப்பா போன பிறகு மொபெட் பழைய தறிச் சட்டங்களுக்கு அடியில் கிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஆர்.கே.பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துச் சரிசெய்தேன். "இதெல்லாம் ஓட்டுற வண்டியா மேடம், இடுப்பு போயிடும்" என்றார். கேரியர் மேல் ஒரு சீட்டு வேண்டும், அதற்கடியில் ஸ்பிரிங் வேண்டும், இரண்டு பக்கமும் ஃபுட்ரெஸ்ட் வேண்டும் என்றேன். பழைய சைக்கிள் சீட்டின் சுருள்களைக் கழற்றி வைத்துக் கட்டிக்கொடுத்தார். பதிவையும் புதுப்பித்தோம். திருவாலங்காடு போய்வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "இன்னாத்துக்குடி, பஸ்தான் இருக்குதே" என்றவள், மறுநாள் காலையில் என் சுடிதார் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்த வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள்.

நாற்பதுக்கு மேல் வேகம் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "பள்ளம்மா." "மேடு." "ஸ்பீடு பிரேக்கர் வருது, காலை ஊணிக்கோ." அவள் காலை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். திருத்தணியைத் தாண்டுவதற்குள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவளே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கிவிட்டாள். "வலது பக்கமா போடி, இடதுல குழி." எனக்கு முன்பே பார்த்துவிடுகிறாள். இத்தனை வருடம் அந்தக் கண்களை மரத்தைப் பார்க்க வைத்திருந்தோம். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தினோம். நிறுத்தச் சொல்வது அவள் உரிமை என்று கிளம்பும்போதே பேசிக்கொண்டோம். இரண்டாவது நிறுத்தத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், "உங்கப்பா கெட்ட மனுசன் இல்ல. நான் நிறுத்தச் சொன்னதும் இல்ல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

வலி இல்லாமல் இல்லை. அது ரிஜிட் வண்டி. வீடு திரும்பியபோது இரண்டு பேருக்கும் உடம்பு முறித்துப்போட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எந்த ஸ்பிரிங்காலும் தீராத சங்கடம் ஒன்று இருந்தது. பாதி வழியில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்றாள். காலையிலிருந்தே குடிக்கவில்லையாம். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது சிறுவயதிலிருந்து அவள் உடம்புக்குப் பழக்கியது. எனக்கும் அவளே பழக்கியது. பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று ஆண்களிடம் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. நெடுந்தூரப் பயணத்துக்கான வசதி என்று ஆண்கள் பட்டியல் போட்டால் சீட்டு, ஹேண்டில்பார், கையுறை என்று போகும். எங்கள் பட்டியல் ஒரு கதவில், அதன் தாழ்ப்பாளில், ஒரு வாளித் தண்ணீரில் தொடங்கும்.

என் வகுப்பில் பள்ளிப்பட்டிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க ரூ.25,000 வரை அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் வண்டி வாங்கிய அம்மாக்களின் மகள்களும் அவர்களில் உண்டு. இந்த வண்டிகளில் ஸ்பிரிங் இருக்கிறது, சீட்டு மெத்தென்று இருக்கிறது. ஆனாலும் அண்ணனோ அப்பாவோ கூட வந்தால், வண்டி அவளுடையதாகவே இருந்தாலும், சாவி கைமாறிவிடுகிறது. அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அதில் யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை.

வண்டி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். மைலேஜைப் பார், பிரேக்கைப் பார், இரண்டு காலும் தரையில் எட்டுகிறதா பார் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். வாங்கிய முதல் வாரத்தில் வீட்டில் இருக்கிற ஆண்களை ஒவ்வொருவராகப் பின்னால் உட்காரவைத்து, திருத்தணி வரைக்குமாவது நீ ஓட்டிக்கொண்டு போய் வா. பள்ளம் வந்தால் சொல்லிவிடு.